முதுகின்மேல் இறங்கிய விமானம்

ஒரு பெரிய விமானம் என் முதுகின்மேல் இறங்கியது. வானத்திலிருந்து அல்ல. சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஏணி வைத்து, பேசாமல் நிறுத்தி வைத்திருந்த விமானம் அது. மேலே ஜனங்கள் ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். கீழே நான் மூச்சுவிட முடியாமல் செத்துக்கொண்டிருந்தேன். அது ஒருவருக்கும் தெரியாது. அந்த இடத்திலிருந்து ஆண்டவர் என்னை உயிரோடு வெளியே எடுத்தார். சபையில் இதைச் சொல்லச் சொன்னபோதெல்லாம் அழுகை வந்து பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதனால் இப்போது எழுதிக் கொடுக்கிறேன்.

என் பெயர் செல்லத்துரை. ஊர் திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பு தாராவி. பம்பாய் விமான நிலையத்தில் சாமான் வண்டி ஓட்டுகிற வேலை. பயணிகளின் பெட்டிகளை டிராலிகளில் அடுக்கி, டிராலிகளை ஒரு சின்ன டிராக்டரில் மாட்டி, விமானத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன். ஏற்றுகிற ஆட்கள் பெட்டிகளை எடுத்து, விமானத்தின் அடிவயிற்றில் இருக்கிற சாமான் அறைக்குள் அடுக்குவார்கள்.

எனக்கென்று அப்போது இருந்த ஒரே சொத்து என் தொண்டை. குழாயடியில் தண்ணீர்ச் சண்டை என்றால் எங்கள் வரிசைப் பெண்கள் என்னைத்தான் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் நான் எழுந்து நின்று ஜெபிக்க ஆரம்பித்தால், எதிரே இருக்கிற தோல் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். சத்தம் போட்டுக் கேட்கிறவனுக்குத்தான் கிடைக்கும் என்பது என் எண்ணம். ரேஷன் கடையில் அப்படித்தான் நடந்தது. பரலோகத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கிரேஸ் இதற்கு நேர்மாறு. முழங்காலில் இருப்பாள், உதடு மட்டும் அசையும். என்னைக் கேலி செய்வாள்.

“கொஞ்சம் மெதுவாத்தான் கேளுங்களேன். அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

“நீ முணுமுணுன்னு கேக்கதுனாலதான் உனக்கு ஒண்ணும் கெடைக்க மாட்டேங்கு” என்பேன் நான்.

கல்யாணமாகி வெகுநாள் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வருஷம்தான் அவள் முழுகாமல் இருந்தாள். நான் போட்ட சத்தத்துக்குக் கிடைத்தது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் சிரித்துக்கொள்வாள்.

எங்கள் வேலையிடத்துப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெட்டி ஏற்றுகிற ஆட்களுக்கு முக்காதம், அதாவது தலைவர், பேச்சிமுத்து அண்ணாச்சி. அவரும் எங்கள் ஜில்லாக்காரர்தான். அவர் கையில் இருந்தவர்கள் எல்லாரும் தாராவியிலும் லேபர் கேம்ப்பிலும் குடியிருந்த நம்மவர்கள். ஒருசமயம் எங்கள் ஆள் ஒருவன் சாமான் அறைக்குள்ளேயே அசந்து தூங்கிப்போனான். அது தெரியாமல் கதவைச் சாத்திவிட்டார்கள். விமானம் நகர்வதற்குள் விழித்துக்கொண்டு உள்ளேயிருந்து தட்டியதால் பிழைத்தான். அன்றைக்கு அண்ணாச்சி ஒரு வழக்கம் வைத்தார். ஒவ்வொரு வண்டி சாமானுக்கும் முதல் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒருதரம், கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒருதரம், எல்லார் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவன் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுகிறவனும் சொல்ல வேண்டும்.

இது கம்பெனி சொன்ன சட்டம் இல்லை. மற்ற ஆட்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். “மதராசிகளின் ஹாஜிரி ஆரம்பித்துவிட்டது” என்று, பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல என்று, இந்தியில் நையாண்டி செய்வார்கள். அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நானும் அந்த வழக்கத்தைப் பெரிதாக மதித்ததில்லை. ஆனால் என் பெயர் வந்தால் நான் சொல்கிற “இருக்கேன்” ஜெட் எஞ்சின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். அதில் எனக்கு ஒரு பெருமை.

அறுபத்தாறாம் வருஷம், ஜூலை மாத மழை. பம்பாய் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை வேளைதான், ஆனாலும் வெளிச்சம் மங்கிக் கிடந்தது. வெளிநாடு போகிற நாலு எஞ்சின் ஜெட் ஒன்று நின்றது. முன்பக்கத்து அறைக்கான சாமானை ஏற்றி முடித்திருந்தோம். பின்பக்கத்து அறைக்கான பெட்டிகளை நான் இரண்டாம் நடையாக இழுத்துக்கொண்டு வந்தேன். விமானத்துக்கு மறுபக்கத்து இறக்கையில் எண்ணெய் வண்டி நின்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தது. ஏணியும் அந்தப் பக்கம்தான். குடை பிடித்த ஜனங்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். அண்ணாச்சியும் ஆட்களும் மழைக்கு ஒதுங்கி முன்சக்கரத்தின் பக்கம் நின்றார்கள்.

விமானத்தை நெருங்கும்போது பிரேக்கை மிதித்தேன். தரையில் எங்கோ எண்ணெய் சிந்தியிருந்திருக்கிறது. அதன்மேல் மழைத்தண்ணீர். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பின்னால் இருந்த டிராலிகளின் பாரம் தள்ள, டிராக்டர் வழுக்கிக்கொண்டு நேரே விமானத்தின் அடிவயிற்றுக்குக் கீழே போனது. தலை போய்விடும் என்று தெரிந்து ஸ்டியரிங்மேல் அப்படியே கவிழ்ந்து படுத்தேன். தலை தப்பியது. முதுகு மாட்டிக்கொண்டது. நெஞ்சுக்குக் கீழே ஸ்டியரிங் சக்கரம், முதுகுக்கு மேலே விமானம். டிராக்டர் எஞ்சின் ஒரு உதறு உதறி நின்றுபோனது.

முதலில் எனக்குப் பயமே வரவில்லை. நல்லவேளை, பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன். உடம்பை நெளித்து வெளியே வரப் பார்த்தேன். ஒரு விரற்கடை நகர முடியவில்லை. இடது கை நெஞ்சுக்கடியில் சிக்கியிருந்தது. வலது கை மட்டும் வெளியே தொங்கியது. ஹாரன் அந்த மழைக்காலம் முழுக்க ஊமைதான். சரி, ஒரு சத்தம் கொடுத்தால் ஆள் ஓடிவரும் என்று வாயைத் திறந்தேன்.

சத்தம் வரவில்லை.

சத்தத்துக்கு மூச்சு வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நெஞ்சு விரிய இடமில்லை. உள்ளே போகிற காற்று தொண்டையோடு நின்றது. ‘அண்ணாச்சி’ என்று சொல்லப் பார்த்தேன். உதடு அசைந்தது, அவ்வளவுதான். எத்தனை குழாயடியை அதட்டிய தொண்டை! ஒரு முனகலுக்குக்கூட வழியில்லாமல் போய்விட்டது.

அப்போதுதான் விமானம் இறங்கியது.

விமான நிலையத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இது புரிவது கஷ்டம். நிற்கிற விமானத்துக்கும் கால்கள் உண்டு. பாரம் ஏற ஏற அந்தக் கால்கள் அமுங்கும், வயிறு கீழே வரும். அதிலும் அது ஒரே சீராக இறங்காது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். பிறகு சட்டென்று ஒரு குலுக்கலோடு இறங்கும். மேலே இறக்கையில் எண்ணெய் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு குலுக்கல் வந்தது. என் முதுகுப் பக்கம் ஏதோ நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த குலுக்கல் எப்போது வரும் என்று தெரியவில்லை. வந்தால் நான் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

சகோதரர்களே, அந்த நேரத்தில் நான் பெரிய ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். பண்ணவில்லை. ஒரு வார்த்தை மனதில் நிற்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த ஜெபங்கள்கூட மறந்துபோயின. சத்தமில்லாமல் அவரிடம் கேட்டு எனக்குப் பழக்கமும் இல்லை. என்னால் கூப்பிட முடியவில்லை, அதனால் அவருக்குக் கேட்காது, கதை முடிந்தது என்றே நினைத்தேன். கண்ணுக்குக் கீழே தரையில் மழைத்தண்ணீர் ஓடியது. அதில் என் வாயிலிருந்து சொட்டிய ரத்தம் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் போகப்போகிறேனே என்று நினைத்தபோது மனம் விட்டுப்போயிற்று. ‘அப்பா’ என்று நினைத்தேன். சொல்லவில்லை, நினைத்தேன். என் ஜெபம் அவ்வளவுதான்.

அந்த நேரம் அண்ணாச்சியின் குரல் கேட்டது. டிராலிகள் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு ஆட்களோடு பின்பக்கம் வந்திருக்கிறார். என் டிராக்டர் விமானத்தின் அடியில் நிழலுக்குள் இருந்தது. மழை வேறு திரைபோட்டு மறைத்தது. டிராலிகள் மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குப் பட்டன. வழக்கம்போலப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவனும் “இருக்கேன்”, “இருக்கேன்” என்றான். கடைசியில் என் பெயர் வந்தது.

“செல்லத்துரை!”

என் உயிரையெல்லாம் திரட்டித் தொண்டைக்குக் கொண்டுவந்தேன். ஒன்றும் வெளியே போகவில்லை. தொங்குகிற கையை ஆட்டினேன். அந்த மழையில் அது யாருக்குத் தெரியும்!

“செல்லத்துரை! ஏல, செல்லத்துரை!”

என் பெயரை ஒருவர் கூப்பிடுகிறார், நான் கையெட்டுகிற தூரத்தில் கிடக்கிறேன், எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதைவிடப் பெரிய வேதனை நான் பட்டதில்லை. நெஞ்சு நசுங்கிய வேதனைகூட அதற்கு அடுத்தபடிதான்.

சுடலை என்கிற ஆள் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. “வண்டியப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பான் அண்ணாச்சி. மழை வலுக்கதுக்குள்ள ஏத்திப்புடுவோம்.”

அவன் சொன்னதில் தப்பில்லை. யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பெட்டியில் கை வைக்கப் போனார்கள். பெட்டிகள் ஏறினால் விமானம் இன்னும் இறங்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கைய எடுல” என்றார் அண்ணாச்சி. “அவன் பேரு வராம ஒரு பெட்டி ஏறாது.”

“நேரமாவுதே அண்ணாச்சி. ஆபீசர் கத்துவாரு.”

“கத்தட்டும். ஏல, யோசிச்சுப் பாரு. இவன் தொண்டைக்கு டீக்கடையில நின்னு பதில் சொன்னாலும் நமக்குக் கேக்கும்ல. கேக்கலன்னா அவனுக்கு என்னமோ ஆயிட்டு. தேடுங்கல!”

டிராலியைப் பிடித்துக்கொண்டே தடவித் தடவி முன்னால் வந்தார். குனிந்தார். என் கையைப் பார்த்துவிட்டார். அவர் போட்ட கூச்சல் இப்போதும் என் காதில் இருக்கிறது. “ஐயோ, பய உள்ள கெடக்கானே!” என்று கத்திக்கொண்டு, என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினார். என்னை விட்டுப் போகிறாரே என்று நான் துடித்தேன். அவர் ஓடியது எண்ணெய் வண்டிக்கு. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்று எண்ணெயை நிறுத்தியிருக்கிறார். அங்கிருந்து ஏணிக்கு ஓடி, ஏறப்போன ஜனங்களைக் கையை விரித்து மறித்திருக்கிறார்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். நாலைந்து பேர் டிராக்டரைப் பின்னால் இழுக்கப் பார்த்தார்கள். என் எலும்போடு சேர்ந்துதான் அது வரும்போல இருந்தது. “மத் ஹிலாவ்! கோயி மத் ஹிலாவ்!” என்று அசைக்கவேண்டாமென்று கத்திக்கொண்டே என்ஜினியர் ஓடிவந்தார். டயரில் காற்றைப் பிடுங்கினால் டிராக்டர் இறங்குமே என்றான் ஒருவன். அது காற்றடிக்கிற டயர் இல்லை, கெட்டி ரப்பர். ஜாக்கி வைத்து விமானத்தைத் தூக்கலாமா என்றான் இன்னொருவன். இவ்வளவு எண்ணெயும் ஜனமும் இருக்கும்போது வைக்கக்கூடாது, அதைக் கொண்டுவந்து பொருத்தவும் வெகுநேரம் ஆகும் என்றார் என்ஜினியர். ஒரே வழிதான் உண்டு, பாரத்தை இறக்க வேண்டும், அப்போது விமானம் தானாக எழும்பும் என்றார்.

விமானம் ஓட்டுகிற கேப்டன் இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டையோடு தண்ணீரில் முழங்கால் போட்டு, தலையை உள்ளே நீட்டி என் முகத்தைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்தார். “கபராவ் மத், பாய்” என்றார், பயப்படாதே என்று. பிறகு எழுந்து நின்று இங்கிலீஷில் என்னவோ உத்தரவு போட்டார். அந்த மழையில் இத்தனை பேரையும் எப்படி வெளியே நிறுத்துவது என்று ஆபீசர் இழுத்ததும், கேப்டன் மறுபடி ஒரே வார்த்தை சொன்னதும் எனக்குக் கேட்டது. அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் சொன்ன குரலுக்கு அர்த்தம் தெரிந்தது.

என் தலைக்கு மேலே காலடிச் சத்தம் ஆரம்பித்தது. தகரக் கூரையின்மேல் ஆட்கள் நடந்தால் கீழே எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. முன்னால் ஏறிப்போன கால்கள் எல்லாம் திரும்பி நடந்தன. எனக்காக நடந்தன. என்னை அவர்களுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்ததில்லை. கோட்டும் பட்டுமாக உட்கார்ந்திருந்தவர்கள், பிள்ளை வைத்திருந்தவர்கள், வெள்ளைக்காரர்கள், சேட்டுகள், எல்லாரும் எழுந்து அடைமழையில் இறங்கினார்கள். எங்கள் ஆட்கள் ஏற்றி முடித்திருந்த முன்பக்கத்து அறையைத் திறந்து பெட்டிகளை இறக்கி மழையில் வைத்தார்கள்.

விமானம் அசையவில்லை.

காலடிகள் குறைந்துகொண்டே வந்தன. விமானம் அசையவில்லை. இதோ எழும்பும், இதோ எழும்பும் என்று காத்திருந்து என் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலடிச் சத்தம் அநேகமாக நின்றே போயிற்று. இத்தனை பேர் இறங்கியும் நடக்கவில்லையே, இனிமேல் இறங்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்குமேல் போராட எனக்குத் தெம்பு இல்லை. கிரேஸைப் பார்த்துக்கொள்ளும் என்று ஆண்டவர் கையில் விட்டேன். இதையும் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை கேட்காது என்று நினைக்கவில்லை. எப்படி அந்த நிச்சயம் வந்தது என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. யாரோ என்னைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்கள். அண்ணாச்சியைச் சொல்லவில்லை, கேப்டனையும் சொல்லவில்லை.

அப்போது அந்தப் பெரிய உடம்பு முழுவதும் ஒருதரம் குலுங்கியது. என் முதுகிலிருந்து பாரம் எழும்பியது.

காற்று உள்ளே வந்தது. அந்த முதல் மூச்சை நான் எப்படிச் சொல்வேன்! நெருப்பாக எரிந்தது, தேனாகவும் இருந்தது. உடனே டிராக்டரை மெதுவாகப் பின்னால் இழுத்தார்கள். என்னைத் தூக்கித் தரையில் கிடத்தினார்கள். மழை முகத்தில் விழுந்தது. அண்ணாச்சி என் கன்னத்தைத் தட்டி, “செல்லத்துரை! ஏல, செல்லத்துரை!” என்று கூப்பிட்டார்.

“இருக்கேன்” என்றேன். பக்கத்தில் இருந்தவனுக்கே பாதிதான் கேட்டிருக்கும். அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார்.

கடைசிவரை அசையாத விமானம் எப்படி எழும்பியது என்பதைப் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். உள்ளே ஒரு குஜராத்தி சேட் இருந்திருக்கிறார். இரண்டு காலும் வராது. வைத்தியத்துக்காக வெளிநாடு போகிறவர். அவரைத் தூக்கித்தான் ஏற்றியிருக்கிறார்கள். எல்லாரும் இறங்கும்போது, நீங்கள் உட்கார்ந்திருங்கள், உங்கள் ஒருவரால் என்ன ஆகப்போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அவர், “கீழே இருக்கிறவனுக்கு நானும் பாரம்தானே, என்னை இறக்குங்கள்” என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டி ஏணியில் கால் வைத்தார்கள். அப்போதுதான் அந்தக் குலுக்கல் வந்தது. ஏணியில் நின்றவர்கள் பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்களாம்.

ஸ்ட்ரெச்சரில் என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்த ஜனங்களைப் பார்த்தேன். ஓடி ஒதுங்க இடம் இருந்தும் பெரும்பாலானவர்கள் ஒதுங்கவில்லை. நனைந்தபடியே நின்று என்னைப் பார்த்தார்கள். இறக்கி வைத்த ஒரு பெட்டியின்மேல் ஒருவரை உட்காரவைத்து, இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். யாரோ நோயாளி போலிருக்கிறது என்று நினைத்தேனே தவிர, அவர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லத் தவித்தேன். அதற்குள் என்னை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிரேஸ் வந்தாள். விலா எலும்புகள் முறிந்திருக்கின்றன, முதுகில் பலத்த அடி, ஆனாலும் எழுந்து நடப்பார் என்று டாக்டர் சொன்னார். அவள் அழுகை நிற்கவேயில்லை. ஏன் இன்னும் அழுகிறாய் என்று சைகையால் கேட்டேன்.

“நீங்க அங்க உயிருக்குப் போராடுன நேரம் நான் ஜெபங்கூட பண்ணலியே. குழாயடியில சண்டைல்லா போட்டுக்கிட்டு இருந்தேன்” என்றாள். “நீங்க இல்லன்னு ஆளாளுக்கு என் குடத்த நவத்துனாவ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது விலாவில் உயிர் போனது. “நானும் பண்ணலட்டீ” என்றேன் மெல்ல. “நெனச்சேன். அவ்வளவுதான்.”

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். கேட்கத் தெரியாதவனுக்கும் கேட்க மறந்தவளுக்கும் ஆண்டவர் இவ்வளவு செய்திருக்கிறாரே என்று நினைத்தபோது உடம்பு புல்லரித்தது.

என்ஜினியர் ஒருநாள் என்னைப் பார்க்க வந்தார். விமானத்தின் கால் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும், ஒரு சின்ன அசைவில் விடுபடும், சேட் இறங்கிய அசைவில் விடுபட்டிருக்கும், இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று பொறுமையாக விளக்கினார். “சரிதான் சாப்” என்றேன். அவர் சொன்னதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. என் ஆச்சரியம் வேறு. நடக்க முடியாத ஒரு மனுஷனின் மனதில், நானும் இறங்குகிறேன் என்கிற எண்ணத்தை வைத்தது யார்? அதை நான் அவரிடம் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீடு திரும்பி எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு பேச்சிமுத்து அண்ணாச்சியிடம் ஒன்று கேட்டேன். அவர் சாமி வேறு, நம் சபைப் பக்கம் வந்தவரில்லை. “ஏன் அண்ணாச்சி அன்னைக்குக் குனிஞ்சு பாத்தீங்க?” என்றேன். “நீ பதில் சொல்லலல்லா, அதாம்ல” என்றார் வெகு சாதாரணமாக. “சொல்லியிருந்தா நான் ஏன் பாக்கப் போறேன்?”

அன்று இரவு நான் முழங்காலில் நின்று நெடுநேரம் அழுதேன். என்னால் கத்த முடியவில்லையே, இனி யாருக்கும் தெரியாதே என்றுதான் நான் அங்கே நம்பிக்கை இழந்தேன். என் குரல் வந்திருந்தால் எத்தனை கூச்சலில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். வராததினால்தான் தேடினார்கள். நான் எதைக் குறை என்று நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேனோ, அதைக்கொண்டே ஆண்டவர் எனக்கு ஆள் அனுப்பினார். இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு முன்னால் எனக்கு வாயடைத்துப் போகிறது.

எலும்பு கூடியது. பழைய தொண்டை திரும்பி வரவில்லை. இப்போது உங்களுக்குத் தெரிந்த இந்தக் கரகரத்த மெல்லிய குரல்தான் மிச்சம். குழாயடியில் அதற்காக வருத்தப்பட்டவர் ஒருவரும் இல்லை. ஐப்பசியில் எங்களுக்கு மகள் பிறந்தாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் ஜெபிக்கப் பழகினேன். முதலில் கூச்சமாக இருந்தது, யாரிடம் பேசுகிறோம் என்பதே மறந்துபோகும். பிறகு பழகிவிட்டது. நான் பேசுவதைக் குறைத்தபோதுதான், பக்கத்தில் இருக்கிறவர்கள் பேசுவது எனக்குக் கேட்க ஆரம்பித்தது. அவர்கள் பேசாமல் இருப்பதும் கேட்க ஆரம்பித்தது.

போன மழைக்காலத்தில் லேபர் கேம்ப்பிலிருந்து வருகிற ஒரு சகோதரர் கூட்டத்துக்கு வரவில்லை. வந்தாலும் மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். மழையாயிற்றே என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முழங்கால் தண்ணீரில் போய்க் கதவைத் தட்டினேன். ஒருநாள் காய்ச்சல் இல்லை, பல நாள் காய்ச்சல். தண்ணீர் எடுத்துக் குடிக்கவும் எழுந்திருக்க முடியாமல் தனியாகக் கிடந்தார். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இப்போது அவர் நம் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார். தனியாகக் கிடந்தபோது ஜெபித்தீர்களா என்று அவரிடம் கேட்டேன். “ஜெபம் பண்ண நாக்கு எழும்பல அண்ணே. கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்” என்றார்.

ஆகையால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களில் யாருக்காவது நெஞ்சு விரிய இடமில்லாத பாரம் வந்திருக்கலாம். வாயைத் திறந்தால் வார்த்தை வராமல் இருக்கலாம். ஜெபிக்கத் தெரியவில்லையே, எனக்கு விசுவாசம் போதாதே என்று கலங்க வேண்டாம். சும்மா அவர் பக்கம் மனதைத் திருப்புங்கள், போதும். உங்கள் வாயிலிருந்து ஒன்றும் வராதபோதுதான் அவர் உங்களைத் தேடிக் குனிகிறார். விமானத்தின் கீழே கிடந்து இதைக் கண்டவன் சொல்கிறேன், நம்புங்கள்.

இன்னொன்று. இதைப் படித்து முடித்ததும் உங்கள் வரிசையில், உங்கள் சபையில், உங்கள் வேலையிடத்தில் சில நாளாகச் சத்தம் கேட்காதவர் யார் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். எங்காவது போயிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். மழையாக இருந்தாலும் எழுந்து போங்கள். அவர் கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கலாம். அவர் வாய்விட்டுக் கேட்காமல் மனதுக்குள் கேட்டதற்கு ஆண்டவர் அனுப்புகிற ஆள் நீங்களாக இருக்கலாம்.